உறையாத மலைவாவி

மத்திய ஆசியாவிலே, கிர்கிசுத்தான் நாட்டின் தியென்சான் மலைகளிடையே, கடல்மட்டத்தினின்று ஏறக்குறைய 1,600 மீற்றர் உயரத்தில் இசிக்-குல் என்னும் பெருவாவி அமைந்துள்ளது. 'வெப்பவாவி' என்பது அப்பெயரின் பொருள். பனி மூடிய மலைகளுக்கு நடுவே வெப்பம் ஏது என நாம் வியக்கலாம்.

வடக்கே நிற்பது குங்கேய்த் தொடர். வெயிலை நோக்கியது என்பது அதன் பொருள். தெற்கே நிற்பது தெர்சுக்கேய். அது வெயிலுக்குப் புறங்காட்டியது. இவற்றிடையே 180 கிலோமீற்றர் நீளத்துக்குக் கிடக்கும் இவ்வாவியின் ஆழம் 668 மீற்றர். கோடையிற் பெற்ற வெப்பத்தை இவ்வாழ்நீர் காத்து வைத்திருத்தலால் மாரியிலும் வாவி உறைவதில்லை. நீரிற் கலந்துள்ள உப்பும் இதற்குச் சிறிது துணைசெய்கின்றது. 7ஆம் நூற்றாண்டில் இவ்வழியே இந்தியாவுக்குச் சென்ற சீன யாத்திரிகர் யுவான் சுவாங் இந்நீரின் உவர்ப்பைக் குறித்துள்ளார்.

உவர்ப்புக்குக் காரணம் யாது? நூற்றுக்கு மேற்பட்ட ஆறுகளும் ஓடைகளும் இதனுள் வந்து சேர்கின்றன. வெளியேறும் ஆறோ ஒன்றுமில்லை. நீர் ஆவியாகிச் செல்ல, உப்பு எஞ்சுகின்றது.

இவ்வமைப்பிலேயே ஆபத்தும் உண்டு. ஆற்றுநீர் வயல்களுக்குத் திருப்பப்பட்டதும் ஒரு காரணமாக, 20ஆம் நூற்றாண்டில் நீர்மட்டம் இரண்டு மீற்றருக்கு மேல் தாழ்ந்தது. இன்று, ஆறுகளை ஊட்டும் பனிக்கட்டியாறுகளும் சுருங்கி வருகின்றன. வரவு குன்றியும் செலவு குன்றாத குடும்பத்தின் நிலையை நாம் அறிவோம். இவ்வாவியின் நிலையும் அதுவே.