ஆட்டப் பழக்கமும் ஆயாச உணர்ச்சியும்

ஒரே களத்தில் ஒரே நேரம் ஆடிய இருவருள் ஒருவன், "இன்னும் ஓர் ஆட்டம் ஆடுவோமா?" என்கிறான், மற்றவன் மூச்சிரைத்துக் கீழே அமர்ந்துவிடுகிறான். இவ்வேற்றுமைக்குக் காரணம் தேகபலம் ஒன்றே எனப் பலர் கருதுவர். அது முற்றும் பொருந்தாது. முன்னரே ஆடிப் பெற்ற பழக்கமும் ஒரு பெருங்காரணமாம்.

பட்டு நெசவுக்குப் பேர்பெற்ற ஆரணியில் வாழ்வோர்க்கு இவ்வுண்மை புதிதன்று. குழித்தறியிற் புதிதாய் அமர்ந்தவன், கையையும் காலையும் ஒருங்கே நினைக்கவேண்டியிருத்தலால், தோளை இறுக்கி, வேண்டியதற்கு மேல் மிதித்து, விரைவிற் களைக்கிறான். கைதேர்ந்த நெசவாளரோ வேண்டிய அளவே அசைந்து நெடுநேரம் நெய்கிறார். வேலை ஒன்றே, அதில் வீணாகும் வலிமையே வேறு.

சடுகுடு ஆட்டத்திலும் அங்ஙனமே. கபடி என்னும் பெயரால் 1990-ஆம் ஆண்டு முதல் ஆசிய விளையாட்டுப் போட்டிகளில் இடம்பெற்றுள்ள இவ்வாட்டத்தில், பாடிச் செல்வோனுக்கு 30 விநாடியே உண்டு. புதியவன் எடுத்த எடுப்பிலேயே பாய்ந்து மூச்சை இழக்கிறான். பழகியவனோ எதிரியின் கால்நிலை கண்டு அவன் செய்யப்போவதை முன்னுணர்ந்து, தக்க தருணத்திற்கு வலிமையைச் சேமிக்கிறான். மேலும், அவன் கருத்து ஆட்டத்திற் பதிந்திருத்தலால் தன் களைப்பை அத்துணை எண்ணுவதில்லை.

இவ்வுணர்ச்சியை அளக்கவும் வழியுண்டு. சுவீடன் தேசத்து உளநூற் புலவர் குன்னார் போர்க் என்பார், 6 முதல் 20 வரை எண்கள் கொண்டதோர் அளவுகோலை வகுத்தார். 6 என்பது சிரமமின்மை. 20 என்பது சிரமத்தின் உச்சம். ஆடுவோன் கூறும் எண்ணைப் பத்தால் பெருக்கினால், ஆரோக்கியமான இளைஞரிடத்து அவ்வேளையின் நாடித்துடிப்பு ஏறக்குறைய விளங்கும். ஆயினும் ஒரே நாடித்துடிப்புடைய இருவர் வெவ்வேறெண் கூறுதலும் உண்டு.

இதனால் நாம் அறியத்தக்கவை இரண்டு. முதலாவது, அணித்தலைவன் தன் களைப்பைக் கொண்டு பிறர் களைப்பை அளத்தலாகாது. தனக்கு 11 எனத் தோன்றும் ஆட்டம் புதியவனுக்கு 17 ஆக இருக்கலாம். அவனைச் சோம்பன் என நகைத்தால், அவன் மறுநாள் களத்திற்கு வாரான். அடிக்கடி இளைப்பாற்றி, அசைவுகளைப் பொறுமையுடன் கற்பித்தால், அவ்வெண் தானே தாழும்.

இரண்டாவது, பல்லாண்டு கழித்து ஆடவரும் பழைய மாணவர்க்குரியது. ஆட்டத்திறன் நெடுநாள் நிற்கும். மூச்சுவலிமையோ பயிற்சி விட்ட சில வாரங்களிலேயே குன்றத் தொடங்கும். நினைவு ஓடச் சொல்லும் வேகத்திற்கு உடல் இசையாது. ஆதலின் அவர் பழைய பெருமையை நம்பாது, அன்றைய உடலின் சொல்லையே கேட்டல் வேண்டும். மார்பு வலியோ தலைச்சுற்றலோ தோன்றின் உடனே ஆட்டத்தை நிறுத்தி மருத்துவரை நாடுதல் கடன்.

பழகியவன் பொறுமையும் புதியவன் விடாமுயற்சியும் சேருமிடத்தே விளையாட்டு அனைவர்க்கும் உரியதாகும். ஆகவே, நண்பர்காள், ஆட்டம் முடிந்ததும் வெற்றி தோல்வியைக் கேட்குமுன், "உனக்கு எவ்வளவு சிரமமாயிருந்தது?" என்று தோழனைக் கேளுங்கள்.