கீமோவுக்குப் பிறகும் சுருங்காத கட்டி

டீ ஆறுவதற்குள் குடியுங்கள், பேசிக்கொண்டே சொல்கிறேன். உங்கள் சொந்தக்காரர் வீட்டுக் குழந்தைக்கு வந்த மாதிரி, குழந்தைகளின் சிறுநீரகத்தில் வரும் கேன்சர் சாதுவான கட்டியாக மாறுமா என்றுதானே கேட்டீர்கள்? வில்ம்ஸ் கட்டி என்ற வகையில் சில நேரம் அப்படி நடக்கிறது.

அது உருவாகும் விதமே வேறு. கருவில் சிறுநீரகத்தைக் கட்டும் இளஞ்செல்கள், பிரசவத்துக்குச் சில வாரம் முன்பே வடிகட்டிகளாகவும் நுண்குழாய்களாகவும் முதிர்ந்துவிட வேண்டும். வீடு முடிந்தும் ஊர் திரும்பாத கொத்தனார்கள் மாதிரி, 100 குழந்தைகளில் ஏறக்குறைய ஒன்றுக்கு அவற்றில் சில தங்கிவிடுகின்றன. பெரும்பாலும் தாமாகவே அடங்கிப்போகும். வில்ம்ஸ் கட்டி வருவது சுமார் 10,000 குழந்தைகளில் ஒன்றுக்குத்தான், அதுவும் அநேகமாக ஐந்து வயதுக்குள்.

அந்த இளஞ்செல்களுக்குப் பல வகைத் திசுக்களாக வளரும் திறன் உண்டு. அதனால் கட்டிக்குள் சிறுநீரகக் குழாய்கள் மட்டுமல்ல, தசைகூட இருக்கலாம். சிறுநீரகத்துக்குள் தசை எப்படி வந்தது? மாக்ஸ் வில்ம்ஸ் என்ற ஜெர்மானிய மருத்துவர் 1899இல் எழுதிய நூல் இந்தக் கலப்பைப் பற்றியதுதான்.

ஐரோப்பாவில் பொதுவாக அறுவைக்கு முன்பே கீமோ தருகிறார்கள்; அமெரிக்காவில் பெரும்பாலும் அறுவைதான் முதலில். கீமோவில் முக்கியமான மருந்து வின்கிறிஸ்டின். நம் வாசலில் பூக்கிறதே நித்தியகல்யாணி, அதிலிருந்து வந்தது. வேகமாகப் பெருகும் இளஞ்செல்கள் இதில் மடிகின்றன. முதிர்ந்த தசைச் செல்கள் பெருகுவதில்லை, மருந்தும் அவற்றை அவ்வளவாகத் தொடாது. எஞ்சிய இளஞ்செல்களில் சில முதிர்ந்தும் போகலாம். கெட்டது போய் சாதுவானது மிஞ்சியது, கெட்டதே சாதுவானது என்று இரண்டு கதையும் ஒரே கட்டிக்குள் நடக்கலாம் என்றுதான் எனக்குப் படுகிறது.

சங்கடம் ஸ்கேனில்தான். தசையாக முதிர்ந்த கட்டி சுருங்காது. சில சமயம் பெரிதாகக்கூடத் தெரியும். மருந்து வேலை செய்யவில்லை என்று பெற்றோர் இடிந்துபோவார்கள். வெட்டியெடுத்து மைக்ரோஸ்கோப்பில் பார்த்தால் உள்ளே பெரும்பகுதி சாதுவான திசுவாக இருக்கும். இதற்கு நேர்மாறாக, நன்றாகச் சுருங்கிய கட்டிக்குள் மருந்துக்கு மசியாத இளஞ்செல்களே நிறைந்திருந்தால் அதுதான் ஆபத்து. சிகிச்சையைக் கடுமையாக்க வேண்டிவரும்.

வெளியிலிருந்து பார்த்து இதைப் பிரித்தறிய முடியாது. ஆகவே, சாதுவாகியிருக்கும் என்று நம்பி அறுவையைத் தள்ளிப்போடுவதில்லை. உங்கள் சொந்தக்காரர்களிடம் சொல்லுங்கள்: கட்டியின் அளவை நினைத்துக் கலங்க வேண்டாம், அறுவைக்குப் பின் வரும் பயாப்சி ரிப்போர்ட்டில் இளஞ்செல் எவ்வளவு மிச்சம் என்று டாக்டரிடம் கேட்கட்டும்.