எண்ணை நம்பும் முன் ஒரு சொட்டு ரத்தம்

மேல்கையின் பின்புறம் ஒட்டியிருக்கும் குளுக்கோஸ் சென்சார் தப்பான எண் காட்டுகிறது என்று சந்தேகம் வந்தால் என்ன செய்வது? நீரிழிவு மருத்துவமனையைக் கூப்பிடு தூரத்தில் வைத்திருக்கும் சென்னைவாசியைவிட, மங்கலம்பேட்டை போன்ற பேரூரில் இருப்பவருக்கு இந்தக் கேள்வி முக்கியம். இரவு பதினொரு மணிக்குப் போன் திரையில் 58 என்று வந்தால், சர்க்கரைக் கரைசல் குடிப்பதா, திரும்பிப் படுப்பதா என்று வீட்டில் இருப்பவர்களே முடிவெடுக்க வேண்டும். இந்த வாரம் நான் சொல்ல வருவது ஒன்றுதான். சென்சார் வாங்கும் வீட்டில், விரலில் குத்திப் பார்க்கும் குளுக்கோமீட்டரும் காலாவதியாகாத ஸ்ட்ரிப்பும் இருந்தே ஆக வேண்டும். சென்சார் காட்டும் எண்ணும் உடம்பு சொல்வதும் ஒத்துப்போகாதபோது, விரல் ரத்தத்தை வைத்துத்தான் இன்சுலினையும் இனிப்பையும் தீர்மானிக்க வேண்டும்.

காரணம் சென்சார் வேலை செய்யும் விதத்திலேயே இருக்கிறது. தோலுக்கடியில் சில மில்லிமீட்டர் ஆழம் மட்டுமே இறங்கும் மெல்லிய இழை அது. ரத்தக் குழாயை அது தொடுவதே இல்லை. செல்களுக்கு இடையே ஊறி நிற்கும் திரவத்தில் உள்ள குளுக்கோஸை, இழைமேல் பூசிய நொதியின் உதவியால் சின்ன மின்னோட்டமாக மாற்றி அளக்கிறது. விருத்தாசலத்துச் செராமிக் தொழில் தெரிந்தவர்களுக்கு இதை விளக்குவது எளிது. சூளையில் செருகிய வெப்பமானி, தன் முனை இருக்கும் இடத்துச் சூட்டைத்தான் சொல்லும். உள்ளே அடுக்கிய பொருள் எவ்வளவு வெந்தது என்று அதற்குத் தெரியாது. அதனால்தான் ஜெர்மனியின் ஹெர்மன் சேகர் 1886இல் சிறு கூம்புகளை உருவாக்கினார். பொருளோடு சேர்த்து உள்ளே வைத்தால், உரிய பக்குவம் வந்ததும் கூம்பு வளைந்துவிடும். கூம்பு வந்துவிட்டது என்பதற்காக வெப்பமானியை யாரும் தூக்கி எறியவில்லை. சூடு ஏறுகிறதா இறங்குகிறதா என்பதற்கு வெப்பமானி, பக்குவத்தை உறுதி செய்யக் கூம்பு. சென்சாருக்கும் குளுக்கோமீட்டருக்கும் உள்ள உறவும் இதுதான்.

ரத்தத்தில் நடக்கும் மாற்றம் அந்தத் திரவத்தில் தெரியச் சில நிமிடங்கள் பிடிக்கும். ஐந்து முதல் பதினைந்து நிமிடம் என்று வைத்துக்கொள்ளலாம். சர்க்கரை நிதானமாக இருக்கும்போது இந்தத் தாமதம் உறுத்தாது. சாப்பிட்டு முக்கால் மணி நேரத்தில் வேகமாக ஏறும்போதும், வேலையில் உடம்பு களைத்து வேகமாக இறங்கும்போதும்தான் இரண்டு எண்களும் விலகி நிற்கும். தாழ்சர்க்கரைக்கு இனிப்பு எடுத்துக்கொண்ட பிறகு வரும் குழப்பம் இதில் மோசமானது. ரத்தத்தில் சர்க்கரை ஏறத் தொடங்கியிருக்கும். சென்சாரோ இன்னும் 60ஐயே காட்டிக்கொண்டிருக்கும். பயந்துபோய் இன்னொரு தம்ளர், இன்னொரு மிட்டாய் என்று கொடுத்தால், விடியும்போது 300ஐக்கூடத் தாண்டி நிற்கலாம். 15 கிராம் சர்க்கரை, 15 நிமிடப் பொறுமை, பிறகு விரலில் ஒரு சோதனை என்ற பழைய முறையைச் சென்சார் வந்த பிறகும் விடக்கூடாது. நடுராத்திரியில் காரணமில்லாமல் எண் சரிந்தால், சென்சார் இருக்கும் பக்கம் ஒருக்களித்துப் படுத்திருக்கிறாரா என்று பாருங்கள். அழுத்தத்தில் அந்த இடத்துக்குத் திரவம் வருவது குறைந்து பொய்யான தாழ்வு தெரியும்; புரண்டு படுத்த சற்று நேரத்தில் சரியாகிவிடும். ஒட்டிய முதல் நாள் எண்ணையும் அரை நம்பிக்கையோடுதான் பார்க்க வேண்டும். இழை இறங்கிய இடத்தில் உண்டான சிறு காயம் ஆற வேண்டும் அல்லவா?

நம் பக்கத்து வெயிலுக்கென்று தனிச் சிக்கல்கள் உண்டு. கோடையில் வெக்கையில் வேலை செய்பவருக்கு வியர்வையில் ஒட்டு நெகிழ்ந்து ஓரம் பிரியும். உள்ளே இழை லேசாக நகர்ந்தாலும் எண் தடுமாறும். தேங்காய் எண்ணெயோ பவுடரோ தடவிய தோலில் ஒட்டு நிற்காது. சோப்புப் போட்டுக் கழுவி, ஸ்பிரிட் பஞ்சால் துடைத்து, நன்றாகக் காய்ந்த பிறகே ஒட்ட வேண்டும். மேலே கூடுதல் பிளாஸ்திரி போட்டால், சென்சாரின் நடுவில் துளை இருக்கும் வகைகளில் அதை மூடிவிடக் கூடாது. பிரிக்காத பெட்டியை வெயிலில் நிற்கும் வண்டியின் பெட்டிக்குள் விட்டால் நொதி கெடும். எந்தச் சூட்டுக்குள் வைக்க வேண்டும் என்று பெட்டியிலேயே அச்சிட்டிருக்கிறார்கள். மருந்தும் எண்ணை மாற்றும். சில வகைச் சென்சார்களில், நாளுக்கு 500 மில்லிகிராமுக்கு மேல் வைட்டமின் சி எடுத்தால் உண்மையைவிடக் கூடுதலாகக் காட்டும். சளிக்கென்று சப்பும் மாத்திரை ஒன்றிலேயே அந்த 500 இருக்கும். இரண்டு போட்டால் எல்லை தாண்டியாயிற்று. சில பழைய சென்சார்களில் பாராசிட்டமாலும் இதே வேலையைச் செய்தது. போனை மௌனத்தில் போட்டதால் எச்சரிக்கை ஒலி கேட்காமல் போவதும் உண்டு. இதைப் பற்றி அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ 2025 பிப்ரவரியில் தனியாகவே எச்சரித்தது.

இதெல்லாம் பயன்படுத்துபவர் பக்கத்துக் கோளாறு, கருவி தன்னளவில் சரியானதுதானே என்று கேட்கலாம். 2025 நவம்பரில் வெளிவந்த செய்தி அதற்குப் பதில். ஃப்ரீஸ்டைல் லிப்ரே 3, லிப்ரே 3 பிளஸ் சென்சார்களில் ஒரு பகுதி, உள்ளதைவிடக் குறைவான அளவைக் காட்டக்கூடும் என்று அவற்றைத் தயாரிக்கும் அபாட் நிறுவனமே அறிவித்தது. அமெரிக்காவில் மட்டும் ஏறத்தாழ 30 லட்சம் சென்சார்கள் அந்தப் பட்டியலில் வந்தன. ஒரே உற்பத்தி வரிசையில் நேர்ந்த பிழை அது. அதோடு தொடர்பு இருக்கக்கூடும் என்று உலக அளவில் பதிவான மரணங்கள் 7. கடுமையான பாதிப்புகள் 700க்கும் மேல். குறைவான எண்ணை நம்புகிறவர் இனிப்பைக் கூட்டுவார், இன்சுலினைக் குறைப்பார் அல்லது போடாமலே விடுவார். உண்மையான சர்க்கரை ஏறிக்கொண்டே போகும். பெட்டியிலும் கருவியிலும் அச்சிட்ட வரிசை எண்ணைப் படமெடுத்து வைத்திருந்தால்தான் இப்படிப்பட்ட அறிவிப்பு வரும்போது நம்முடையது அதில் இருக்கிறதா என்று பார்க்க முடியும். கெட்ட சென்சாருக்கு மாற்றுக் கேட்கவும் முடியும்.

திரும்பவும் விரலில் குத்துவதென்றால் சில ஆயிரம் ரூபாய் கொடுத்துச் சென்சார் எதற்கு என்பது நியாயமான கேள்வி. இரவு முழுக்க என்ன நடந்தது, எந்தச் சாப்பாட்டுக்கு எவ்வளவு ஏறியது, இப்போது ஏறுமுகமா இறங்குமுகமா என்பதை விரல் சோதனை காட்டாது. டைப் 1 குழந்தைகளுக்கும், இன்சுலின் போடும் கர்ப்பிணிகளுக்கும், மருத்துவரின் அனுமதியோடு நோன்பு இருப்பவர்களுக்கும் அந்தத் தகவல் பெரிய காவல். விரல் சோதனையும் தினமும் தேவையில்லை. சந்தேகம் வரும் வேளைக்குப் போதும். குளுக்கோமீட்டர் மட்டும் பிழையற்றதா என்றும் கேட்பார்கள். இல்லைதான். சர்க்கரை 100க்கு மேல் இருக்கும்போது ஆய்வக அளவிலிருந்து 15 சதவீதம் வரை விலகுவதைச் சர்வதேசத் தரமே ஏற்கிறது. பழம் நறுக்கிய கையைக் கழுவாமல் குத்தினால் அதுவும் பொய் சொல்லும். ஆகவே சென்சார் 170, மீட்டர் 150 என்றால் எதுவும் கெடவில்லை. சென்சார் 70, மீட்டர் 140 என்றால் கையைக் கழுவி இன்னொரு முறை பாருங்கள். இடைவெளி அப்படியே இருந்து, ஒரு மணி நேரம் கழித்தும் குறையவில்லை என்றால் அந்தச் சென்சாரைக் கழற்றிவிட வேண்டியதுதான்.

இது வசதியானவர்களின் கவலை என்று ஒதுக்கவும் என்னால் முடியவில்லை. 2023இல் வெளியான ஐசிஎம்ஆர்-இந்தியாப் ஆய்வு, தமிழ்நாட்டில் பெரியவர்களில் 14.4 சதவீதம் பேருக்கு நீரிழிவு என்றது. சென்சார் சிற்றூர்களுக்கும் வந்துகொண்டிருக்கிறது. அதைச் சரிபார்க்கும் அறிவும் கூடவே வர வேண்டும். 2021 ஆகஸ்ட் 5இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீடு தேடி வருபவர்களிடம் குளுக்கோமீட்டர் இருக்கிறது. அவர்களுக்கு அரை நாள் பயிற்சி கொடுத்தால், சென்சார் போட்டிருக்கும் வீட்டில் எந்த எண்ணை எப்போது நம்புவது என்று சொல்லித்தர முடியும். அரசு இதைச் செய்ய வேண்டும். மருத்துவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: சென்சார் எழுதும் சீட்டிலேயே ஸ்ட்ரிப்பையும் எழுதுங்கள். ஏற்கெனவே சென்சார் ஒட்டியிருப்பவர்கள், அலமாரியில் இருக்கும் ஸ்ட்ரிப் டப்பாவின் காலாவதித் தேதியை இன்றைக்கே எடுத்துப் பாருங்கள்.