ஒரு பக்கத்துக்கு ஓர் ஊசி

சிக்கனம் சிறந்த குணந்தான். கொங்கு நாட்டாருக்கு அதைப் பற்றி எவரும் உபதேசம் செய்ய வேண்டியதில்லை. ஆனால் சிக்கனமே பெரு நஷ்டமாய் முடியும் இடமும் ஒன்று உண்டு. அதைக் கோயமுத்தூரில் ஒரு நண்பர் வீட்டில் கண்டோம்.

பாட்டனார் காலத்துக் கிராமபோன் பரணிலிருந்து இறங்கிக் கூடத்தில் வீற்றிருந்தது. பக்கத்திலே கொடுமுடி கே. பி. சுந்தராம்பாளின் பழைய இசைத்தட்டு ஒன்று. 1908-ஆம் வருஷம் காவிரிக் கரையில் பிறந்து, நாடக மேடையில் புகழ் பெற்று, தேசியப் பாட்டுகளால் ஜனங்களைத் தட்டி எழுப்பியவர் அல்லவா? ஆவலோடு அமர்ந்தோம். நண்பர் சாவி கொடுத்தார், தட்டுச் சுழன்றது. எழுந்ததோ, வாணலியில் கடுகு வெடிக்கும் சப்தம்! குரல் எங்கேயோ வெகு தூரத்தில் தத்தளித்தது.

ஊசியை எப்போது மாற்றினார் என்று விசாரித்தோம்.

"போன வருஷம் போட்டதுங்க. இன்னும் கூராத்தானுங்களே இருக்குது!" என்றார்.

நிமிஷத்துக்கு 78 முறை சுழலும் பழைய தட்டுகள் அரக்கும் கல்பொடியும் கலந்து செய்தவை. அந்தப் பொடி, எஃகு ஊசியின் முனையை முதற் சில சுற்றுகளிலேயே அரைத்துத் தட்டின் பள்ளத்துக்குப் பொருந்தச் செய்கிறது. ஊசி தேய வேண்டும், தட்டுத் தேயலாகாது என்பதே ஏற்பாடு. ஆனால் மூன்று நிமிஷப் பாட்டு முடிவதற்குள் முனையின் ஓரங்கள் உளியாகிவிடும். பிறகு அது பாடாது, செதுக்கும். ஆகையால் பக்கத்துக்கு ஓர் ஊசி என்பது விதி. தடித்த ஊசி உரக்க ஒலிக்கும். மெல்லியது அடக்கமாய் ஒலிக்கும்.

மின்சாரப் பெட்டி உடையவர்கள், ஊசியைத் தாங்கும் கார்ட்ரிட்ஜின் எண்ணைப் பார்த்து அதற்குரியதையே வாங்க வேண்டும். நீலக்கல்லைவிட வைரம் நீடித்து உழைக்கும். அதைவிட முக்கியம் முனையின் அளவு. 78 தட்டுக்கு முனையின் ஆரம் அங்குலத்தில் ஆயிரத்தில் மூன்று பங்கு. 1948-இல் வந்த எல். பி. தட்டுக்கு ஏறக்குறைய ஒரு பங்குதான். சிறு முனையைப் பழைய தட்டில் வைத்தால் பள்ளத்தின் அடியில் உருண்டு இரைச்சலையே அள்ளித் தரும். எல். பி. தட்டைச் சாவி கொடுக்கும் கிராமபோனில் வைப்பதோ கொலைபாதகம்!

இதைக் கேட்ட நண்பர் எழுந்து போய் அலமாரியிலிருந்து ஒரு சிறு தகர டப்பாவைக் கொண்டு வந்தார். உள்ளே நிறையப் புது ஊசிகள், துருப் பிடிக்காதவை.

"தாத்தா வெச்சுட்டுப் போனதுங்க. தீந்து போயிருமேன்னு எடுக்காம இருந்தேனுங்க" என்றார்.

புது ஊசி பொருத்தினோம். அந்தப் பக்கத்தின் இரைச்சல் போகவில்லை. செதுக்கப்பட்ட பள்ளம் திரும்பி வருமா? அதிகம் போடாத மறு பக்கத்தைத் திருப்பி, இன்னொரு புது ஊசி வைத்தோம். கணீரென்று எழுந்தது குரல். 1980-இல் மறைந்தவர் கூடத்தில் வந்து நின்றது போலிருந்தது.

பாட்டு முடிந்ததும் நண்பர் ஊசியைக் கழற்றினார். ஒரு கணம் அதை உற்றுப் பார்த்தார். பிறகு, நாம் சொல்லாமலே, குப்பைக் கூடையில் போட்டார்.