இது என்ன மரம்? கம்ப்யூட்டரிடம் கேளுங்கள்!

வெளியே போகும்போது புதிதாக ஒரு மரத்தைப் பார்க்கிறீர்கள். அருகில் இருப்பவர்களைக் கேட்டால் ஆளுக்கொரு பெயர் சொல்கிறார்கள். கவலை வேண்டாம். மொபைல் கேமராவும் வீட்டுக் கம்ப்யூட்டரில் இன்டர்நெட் இணைப்பும் இருந்தால் போதும்.

சென்ற மாதம் குடும்பத்துடன் வேடந்தாங்கல் பக்கம் போயிருந்தோம். சாலையோரக் கோவில் தோப்பில் ஒரு மரம் நிறைய ஆரஞ்சு நிறப் பழங்கள். “மாமா, ஒண்ணு பறிச்சுத் தாங்க” என்றான் அக்கா மகன். “பேர் தெரியட்டும்டா, அப்புறம் பார்க்கலாம்” என்று சொல்லிவிட்டுப் படங்கள் மட்டும் எடுத்துக் கொண்டேன். நீங்களும் இப்படிச் செய்து பாருங்கள்.

1. இலை, பழம், பூ, பட்டை ஒவ்வொன்றையும் தனித்தனியாக, நெருக்கமாகப் படம் எடுங்கள். இலைகள் கிளையில் எப்படி அமைந்துள்ளன என்பதும் தெரிய வேண்டும்.

2. படங்களைக் கம்ப்யூட்டருக்கு மாற்றுங்கள். பிரவுசரில் பிளான்ட்நெட் டாட் ஆர்க் தளத்தைத் திறந்து அவற்றை அப்லோட் செய்யுங்கள். இச்சேவை இலவசம்.

3. ஒவ்வொரு படமும் இலையா, பழமா, பூவா என்று தேர்ந்தெடுங்கள். சில நொடிகளில் பெயர்ப் பட்டியல் கிடைக்கும். பக்கத்தில் உள்ள சதவீதம் புரோகிராமின் கணிப்புதான், முடிவான தீர்ப்பல்ல.

4. எனவே முதலில் வந்த பெயரை பிளவர்ஸ் ஆஃப் இந்தியா தளத்தில் தேடி, அங்குள்ள படங்களோடும் விவரங்களோடும் ஒப்பிடுங்கள்.

பழத்தின் படத்தை மட்டும் கொடுத்தபோது எனக்கு வந்த பட்டியலில் ஆரஞ்சு இனமும் கலந்திருந்தது. இலைப் படத்தையும் சேர்த்ததும் ஒரே பெயர் முன்னுக்கு வந்தது. ஆரஞ்சு இலைகள் மாறி மாறி அமையும். நடுவில் ஒரே பெரிய நரம்பு. இம்மரத்திலோ இலைகள் எதிரெதிராக இருந்தன. அடியிலிருந்தே பல நரம்புகள் பிரிந்தன. ஒப்பிட்டதில் எல்லாம் பொருந்தியது. பெயர், ஸ்ட்ரிக்னஸ் நக்ஸ்வாமிகா. நம் பழமொழியில் வரும் எட்டிதான்! பொத்தான் போன்ற அதன் விதைகளில் ஸ்ட்ரிக்னின் என்ற கொடிய விஷம் உள்ளது. வலிப்பை உண்டாக்கி உயிரையே பறிக்கக் கூடியது.

ஒன்றை மட்டும் மறக்காதீர்கள். கம்ப்யூட்டர் சொல்லும் பெயரை நம்பி எந்தக் காயையும் பழத்தையும் வாயில் வைக்க வேண்டாம். குழந்தை எதையாவது தின்றுவிட்டால் இணையத்தில் தேடிக் கொண்டிருக்காமல் உடனே 108க்கு போன் செய்யுங்கள். பழத்தின் படத்தை டாக்டரிடம் காட்டுங்கள்.