டயாலிசிஸ் நோயாளிகளின் இருதயத்தை வைட்டமின் டி காக்குமா?



நமது ஆஸ்பத்திரியின் டயாலிசிஸ் ஊழியத்தை ஜெபத்தினாலும் காணிக்கையினாலும் தாங்கிவரும் சகோதரர் ஒருவர், "நோயாளிகள் எல்லாருக்கும் வைட்டமின் டி மாத்திரை வாங்கிக் கொடுங்கள்; பணம் நான் அனுப்புகிறேன். அது இருதயத்துக்கு நல்லதாமே" என்று எழுதியிருந்தார். அன்பினால் எழுந்த இந்தக் கேள்விக்கு எல்லாரும் அறியும்படி இங்கே பதில் எழுதுகிறோம்.

வெயில் தோலில் படும்போது சரீரத்தில் வைட்டமின் டி உண்டாகிறது. ஆனால் அது அப்படியே வேலை செய்வதில்லை. முதலில் ஈரலிலும், பிறகு சிறுநீரகத்திலும் மாற்றம் அடைந்த பின்பே முழு பலம் பெறுகிறது. சிறுநீரகம் கெட்டுப்போனவருக்கு இந்தக் கடைசி மாற்றம் வெகுவாய்க் குறைந்துவிடும். ஆகவே, நாள் முழுவதும் வயலில் நின்றவருக்கும் இந்தக் குறைவு வரும்.

அப்போது, உண்ணும் உணவிலுள்ள கால்சியம் போதிய அளவு இரத்தத்தில் சேராது. சிறுநீரில் வெளியேற வேண்டிய பாஸ்பரஸோ தேங்கும். கழுத்திலுள்ள பாராதைராய்டு சுரப்பிகள் மிகுதியாய்ச் சுரந்து, எலும்பிலிருந்து கால்சியத்தை இழுக்கும். எலும்பு பலவீனமாகும், இரத்தக் குழாய்களின் சுவரில் சுண்ணாம்பு படியும். விறைத்த குழாய்களுக்குள் இரத்தத்தைத் தள்ளித் தள்ளி இருதயம் தடித்துப்போகும். டயாலிசிஸ் செய்துகொள்வோரின் மரணத்துக்கு இருதய நோயே முதன்மையான காரணம்.

வைட்டமின் டி குறைந்தவர்களிடையே இருதய நோய் அதிகம் என்று பல ஆய்வுகள் கண்டன. அப்படியானால் மாத்திரை கொடுத்தால் போதுமே என்று தோன்றும். ஜப்பானில் இதைச் சோதித்தார்கள். பாராதைராய்டு மிகுதி இல்லாத 976 டயாலிசிஸ் நோயாளிகளில் ஒரு பாதியினருக்கு ஆல்ஃபாகால்சிடால் என்னும் வைட்டமின் டி மருந்தைத் தினமும் 0.5 மைக்ரோகிராம் கொடுத்து, ஏறக்குறைய 4 வருடம் கவனித்தார்கள். முடிவு 2018-ல் வெளிவந்தது. மருந்து உண்டவர்களில் 100-க்கு 21 பேருக்கும், உண்ணாதவர்களில் 100-க்கு 18 பேருக்கும் மாரடைப்பு, பக்கவாதம் போன்றவை நேரிட்டன. இந்தச் சிறு வித்தியாசம் தற்செயலாகவும் இருக்கலாம். ஆயினும் மருந்து இருதயத்தைக் காத்ததாகக் காணப்படவில்லை.

காரணம் என்ன? சோர்ந்து வீட்டிலேயே படுத்திருப்பவருக்கும், சரியாய்ச் சாப்பிடாதவருக்கும் வைட்டமின் டி குறைவாயிருக்கும். பலவேளைகளில் அந்தக் குறைவு நோயின் கடுமைக்கு அடையாளமே. மேலும், மருந்து அளவுக்கு மிஞ்சினால் கால்சியமும் பாஸ்பரஸும் ஏறி, குழாய்களில் இன்னும் சுண்ணாம்பு படியக்கூடும். பாராதைராய்டு மிகுந்தவருக்கு இம்மருந்து தேவைதான். ஆனால் இரத்தத்தைப் பரிசோதித்து, மருத்துவர் அளந்து கொடுக்க வேண்டும்.

ஆகவே எல்லாருக்கும் ஒரே மாத்திரையை நாங்கள் கொடுப்பதில்லை. வாரம் 3 முறை, 4 மணி நேரம் குறையாத டயாலிசிஸ். தண்ணீரிலும் உப்பிலும் கட்டுப்பாடு. கருவாடும் கோலா பானமும் விலக்குதல். சாப்பாட்டோடு பாஸ்பரஸைக் கட்டும் மாத்திரை. இவையே இருதயத்துக்கு முதல் காவல். பஸ் கட்டணம் இல்லாமல் ஒருமுறை வரத் தவறினாலும், நீர் தேங்கி, பொட்டாசியம் ஏறி, இருதயம் நின்றுபோகக்கூடும்.

அன்புச் சகோதரரே, உங்கள் காணிக்கையை இரத்தப் பரிசோதனைக்கும் பயணச் செலவுக்கும் அனுப்பலாமே. படுக்கையில் காத்திருக்கும் ஒவ்வொருவருக்காகவும், ஊசி போடும் எங்கள் கைகளுக்காகவும் ஜெபியுங்கள்.

ஊழியத்தில் உங்கள்,
டயாலிசிஸ் பிரிவினர்