கண்டெடுப்பும் கணக்கும்

மறைந்து கிடக்கும் பொருளைத் தேடிக் கண்டெடுப்பதில் மனிதருக்கு இயல்பாகவே ஒரு நாட்டம் உண்டு. குழந்தைகளின் கண்ணாமூச்சி ஆட்டம் முதல் புதைபொருள் ஆராய்ச்சி வரை இந்நாட்டம் பல வடிவங்களில் வெளிப்படுகிறது. துணைக்கோள்களின் உதவியால் இடமறியும் வசதி பொதுமக்களுக்குக் கிட்டிய பின்னர், இதே நாட்டம் ஒரு புதிய பொழுதுபோக்காக உருவெடுத்தது. ‘ஜியோகேச்சிங்’ என வழங்கும் இப்பொழுதுபோக்கில், ஒருவர் ஒரு சிறு பெட்டியை ஓரிடத்தில் மறைத்து வைத்து, அவ்விடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகை எண்களை வெளியிடுகிறார். மற்றவர்கள் அவ்வெண்களைக் கொண்டு அதனைத் தேடிச் செல்கின்றனர். பெட்டியைக் கண்டவர் அதனுள் இருக்கும் குறிப்பேட்டில் பெயரையும் தேதியையும் எழுதி, பெட்டியை இருந்த இடத்திலேயே வைத்துத் திரும்புகிறார். அவருடைய கணக்கில் ஒரு கண்டெடுப்பு கூடுகிறது.

இவ்வாறு கூடும் கணக்கு எதனைக் காட்டுகிறது? ஆயிரம் பெட்டிகளைக் கண்டவர் நூறு பெட்டிகளைக் கண்டவரைவிடப் பத்து மடங்கு தேர்ந்தவர் ஆவாரா? விளையாட்டைப் பற்றிய இக்கேள்வி, களத்தில் பணிபுரிவோருக்கும் மாணவர்க்குக் கற்பிப்போருக்கும் புறக்கணிக்கத்தக்கதன்று. பார்வையிட்ட கிராமங்கள், சேகரித்த மாதிரிகள், நடத்திய சோதனைகள் ஆகியவற்றை நாள்தோறும் எண்ணி எழுதும் கடமை அவர்களுக்கும் உண்டன்றோ?

வாளியில் தொடங்கிய வேட்டை

இவ்விளையாட்டின் மூதாதை இங்கிலாந்தில் தோன்றியது. டெவன் மாவட்டத்தின் டார்ட்மூர் மேட்டுநிலத்தில் வழிகாட்டியாகப் பணியாற்றிய ஜேம்ஸ் பெரட் என்பவர், 1854ஆம் ஆண்டில் கிரான்மியர் குளம் என்னும் தொலைவான சதுப்பிடத்தில் ஒரு புட்டியை வைத்தார். சேற்றையும் புதரையும் கடந்து அவ்விடத்தை அடைந்தவர்கள் தங்கள் பெயர்ச் சீட்டை அதில் இட்டு வந்தனர். நாளடைவில் இத்தகைய பெட்டிகள் அம்மேட்டுநிலமெங்கும் பெருகின. ஒவ்வொன்றிலும் ஒரு முத்திரையை வைப்பது வழக்கமாயிற்று. நூறு பெட்டிகளைக் கண்டவர்களுக்கென ‘நூறு கழகம்’ என்ற அமைப்பும் ஏற்பட்டது. எண்ணிக்கையின் மீதுள்ள மோகம் துணைக்கோள்களுக்கு முற்பட்டது என்பது இதனால் விளங்கும்.

புதிய வேட்டைக்கு வழி திறந்த நாள் 2000ஆம் ஆண்டு மே மாதம் 2ஆம் தேதியாகும். அதுவரை அமெரிக்க அரசு, ஜி.பி.எஸ். துணைக்கோள்களின் பொதுமக்களுக்கான சமிக்ஞையில் வேண்டுமென்றே ஒரு பிழையைக் கலந்து அனுப்பி வந்தது. அதனால் சாதாரணக் கருவி காட்டும் இடம் சுமார் 100 மீட்டர் வரை பிசகியிருந்தது. அன்று அப்பிழை நீக்கப்படவே, பிசகு 10 முதல் 20 மீட்டர் அளவுக்குக் குறைந்தது. மறுநாளே டேவ் அல்மர் என்பவர், ஆரிகன் மாநிலத்தில் பீவர்கிரீக் என்னும் ஊருக்கு அருகே ஒரு கறுப்பு வாளியில் சில பொருள்களையும் ஒரு குறிப்பேட்டையும் வைத்து, இடத்தின் எண்களை இணைய வாயிலாக அறிவித்தார். சில தினங்களுக்குள்ளேயே மைக் டீக் என்பவர் அதனைக் கண்டெடுத்தார். இன்று அவ்விடத்தில் ஒரு நினைவுப் பலகை உள்ளது. வாளி ஒன்றில் தொடங்கிய வேட்டையில், உலகெங்கும் மறைத்து வைக்கப்பட்ட பெட்டிகள் இப்போது பல இலட்சங்களாகப் பெருகியுள்ளன.

கருவி காட்டும் இடமும் கண் காணும் இடமும்

கண்டெடுப்பின் மதிப்பை அறிய, கருவி செய்யும் வேலையின் எல்லையை முதலில் அறிதல் வேண்டும். ஜி.பி.எஸ். துணைக்கோள்கள் பூமிக்கு மேல் சுமார் 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றுகின்றன. ஒவ்வொன்றும் தன் இருப்பிடத்தையும் நேரத்தையும் வானொலி அலைகளாக அனுப்புகிறது. அலை வந்து சேர எடுத்துக்கொண்ட நேரத்தைக் கொண்டு தொலைவு கணக்கிடப்படுகிறது. அலை ஒரு விநாடியில் ஏறத்தாழ மூன்று இலட்சம் கிலோமீட்டர் செல்வதால், ஒரு விநாடியின் பத்து இலட்சத்தில் ஒரு பங்கு பிசகினாலும் தொலைவில் 300 மீட்டர் பிழை நேரும். கைக்கருவியிலுள்ள கடிகாரம் அத்துணை நுட்பமானதன்று. ஆதலால் இடத்தைக் குறிக்க மூன்று துணைக்கோள்களும், கடிகாரப் பிழையைத் தீர்க்க நான்காவது ஒன்றும் தேவைப்படுகின்றன.

திறந்த வெளியில் இன்றைய கைப்பேசி சுமார் 5 மீட்டர் துல்லியத்துடன் இடத்தைக் காட்டும். அடர்ந்த மரங்களின் கீழும், உயர்ந்த கட்டடங்களின் நடுவிலும் அலைகள் தடைப்பட்டும் எதிரொலித்தும் வருவதால் பிழை மிகும். பெட்டியை வைத்தவருடைய அளவிலும் இத்தகைய பிழை உண்டு. தேடுபவருடைய அளவிலும் உண்டு. ஒவ்வொன்றும் 5 மீட்டராயின், ஒன்றையொன்று சாராத இவ்விரண்டும் சேர்ந்து சுமார் 7 மீட்டராகின்றன. எனவே கருவி தேடுபவரை ஒரு சிறு வட்டத்திற்குள் கொண்டு விடுகிறது, அவ்வளவே. கற்குவியலில் ஒரு கல் மட்டும் பாசி படியாமல் இருப்பதேன், வேரடியில் சருகுகள் ஒழுங்காகக் குவிந்திருப்பதேன் என்று நோக்குவது மனிதருடைய கண்ணும் அறிவுமே. கண்டெடுப்பின் சாரம் அக்கடைசிச் சில மீட்டர்களிலேயே அடங்கியுள்ளது.

எண்ணிக்கை வளர்ந்த விதம்

ஒவ்வொரு பெட்டிக்கும் தேடுதலின் கடினம், நிலத்தின் கடினம் என இரண்டு மதிப்பீடுகள் தரப்படுகின்றன. இவை 1 முதல் 5 வரை அரை அரையாக உயரும். சக்கர நாற்காலியிலும் சென்றடையக்கூடிய இடம் நிலக் கடினம் 1 எனப்படும். படகோ, மலையேறும் கயிறோ வேண்டிய இடம் 5 எனப்படும். ஆயினும் மொத்தக் கணக்கில் இரண்டும் ஒன்றாகவே சேர்கின்றன. ஒரு நாள் முழுவதும் மலையேறிக் கண்ட பெட்டியும், சாலையோரக் கம்பத்தடியில் கண்ட பெட்டியும் ஒவ்வோர் எண்ணே.

இக்குறையின் விளைவு விரைவில் புலப்பட்டது. இரு பெட்டிகளுக்கிடையே குறைந்தது 161 மீட்டர் இடைவெளி இருத்தல் வேண்டுமென்பது விதி. அவ்விதியை மீறாமலே, அந்த இடைவெளிக்கு ஒன்றாகச் சாலை நெடுகப் பெட்டிகளை வைக்கும் வழக்கம் தோன்றியது. அமெரிக்காவின் நெவாடா மாநிலத்தில் 375ஆம் எண் நெடுஞ்சாலையில், 2010ஆம் ஆண்டையொட்டி ஆயிரத்துக்கும் மேற்பட்ட பெட்டிகள் இவ்வாறு வரிசையாக வைக்கப்பட்டன. வாகனத்தை ஒருவர் ஓட்ட, மற்றவர் இறங்கி ஓடிப் பெயரெழுதித் திரும்புவார். ஒரே நாளில் ஆயிரத்தைக் கடந்ததாகக் கணக்கு எழுதியவர்களும் உளர். ஒரு நாளில் உள்ளவை 1,440 நிமிடங்களே. உணவும் உறக்கமும் இன்றி ஓடினாலும், ஒரு பெட்டிக்கு ஒன்றரை நிமிடமும் கிட்டாது.

இன்னும் விரைவு வேண்டி, ஓரிடத்துப் பெட்டியை எடுத்துக்கொண்டு முன்னரே பெயரெழுதிய வேறொன்றை அவ்விடத்தில் வைத்துச் செல்லும் உபாயமும் கையாளப்பட்டது. அடுத்த இடத்திற்குப் போய்ச் சேருமுன் வண்டியிலேயே முந்தைய பெட்டியில் பெயரெழுதியாகிவிடும். அவ்வாறு செல்பவர் எதனையும் தேடவில்லை, இடத்தைப் பார்க்கவுமில்லை. கணக்கு மட்டும் வளர்கிறது. ஓர் அளவுகோல் இலக்காக மாறும்போது அது அளக்கும் திறனை இழந்துவிடும் என்ற கருத்து, பிரிட்டிஷ் பொருளாதார நிபுணர் சார்லஸ் குட்ஹார்ட் 1975ஆம் ஆண்டில் பணக் கொள்கையை ஒட்டிக் கூறியதிலிருந்து வளர்ந்ததாகும். நெவாடாச் சாலை அதற்குத் தக்க உதாரணம் எனலாம்.

ஆயினும் எண்ணிக்கை முற்றிலும் பயனற்றதென்று தள்ளிவிடுதல் நியாயமாகாது. புதிதாகத் தொடங்குவோருக்கு அது ஊக்கமளிக்கிறது. நெடுந்தூரம் நடக்க இயலாதவர்கள் சாலையோர வரிசையில் மகிழ்ச்சி காண்பதும் குற்றமன்று. பல நூறு பெட்டிகளைத் தேடிய அனுபவமுடையவர் ‘கிட்டவில்லை’ என்று எழுதினால், வைத்தவர் அதனைக் கருத்தில் கொண்டு உடனே சென்று பார்க்கிறார். எண்ணிக்கை அனுபவத்திற்கு ஒரு தோராயமான அடையாளம், அனுபவமே அன்று.

‘கிட்டவில்லை’ என்னும் குறிப்பு

இவ்விளையாட்டில் விஞ்ஞான நோக்குடையவர்கள் மிகவும் கவனிக்கத்தக்கது, தோல்வியைப் பதிவு செய்யும் ஏற்பாடாகும். தேடியும் கிடைக்காதபோது அதனையும் எழுதி வைக்கலாம். அத்தகைய குறிப்புகள் தொடர்ந்து மூன்று நான்கு வருமாயின், பெட்டி தொலைந்திருக்கக்கூடும் என்பது தெரியவரும். ஆனால் தோல்விக் குறிப்பால் எவருடைய கணக்கும் உயர்வதில்லை. ஆதலால் பலர் அதனை எழுதாது விடுகின்றனர். சிலர் கிடைக்காத இடத்தில் தாமே கொண்டு சென்ற பெட்டியொன்றை வைத்துவிட்டுக் ‘கண்டெடுத்தேன்’ என எழுதுவதும் உண்டு. பழைய பெட்டி உண்மையில் அங்கேயே இருக்குமாயின், ஓரிடத்தில் இரண்டு பெட்டிகள் ஆகிவிடும், பின்வருவோர் குழப்பமடைவர். ஓர் எண்ணைக் கூட்டும் பொருட்டு ஒரு பதிவேடே பொய்யாகிறது.

இதற்கு மாறான ஒரு நல்ல முறையை அமெரிக்கத் தேசியப் புவியளவைத் துறையில் காணலாம். நிலத்தின் உயரத்தையும் இடத்தையும் குறிக்க அத்துறையினர் நாடெங்கும் பதித்த உலோகத் தகடுகளைத் தேடுவதும் இவ்விளையாட்டின் ஒரு கிளையாக நெடுங்காலம் விளங்கியது. தகட்டின் நிலையைக் குறித்துப் பொதுமக்கள் அனுப்பும் அறிக்கையையும் அத்துறை ஏற்கிறது. அவ்வறிக்கையில் ‘கிட்டவில்லை’ என்பதும் ‘அழிந்துவிட்டது’ என்பதும் வெவ்வேறாகும். தேடிக் காணாவிடில் கிட்டவில்லை என்றே எழுதுதல் வேண்டும். அழிந்துவிட்டது என எழுதுவதற்குப் பெயர்த்தெடுக்கப்பட்ட தகடு முதலிய சான்று வேண்டும். காணாமை இல்லாமைக்குச் சான்றாகாது என்னும் விஞ்ஞான நெறி, இவ்விரு சொற்களின் வேறுபாட்டில் அமைந்திருக்கிறது. நோய்ப்பூச்சியைத் தேடி வயலில் இறங்கும் பணியாளருக்கும், கிணற்று நீரைச் சோதிப்பவருக்கும் இந்நெறி பொருந்தும்.

மதிப்புள்ள கண்டெடுப்பு எது?

அனுபவமுள்ளவர்கள் நெடுநாள் நினைவில் வைத்திருக்கும் கண்டெடுப்புகளை ஆராய்ந்தால், அவற்றில் சில பொதுக் கூறுகள் தென்படும். பெட்டி இல்லாவிடினும் சென்று காணத்தக்க இடமாக அது அமைந்திருக்கும். அவ்விடத்தைச் சேரவோ, புதிரை விடுவிக்கவோ முயற்சி தேவைப்பட்டிருக்கும். தேடியவர் தாம் கண்டதைப் பிறர்க்குப் பயன்படுமாறு எழுதி வைத்திருப்பார். இடமும் பொருளும் முன்பிருந்தபடியே விடப்பட்டிருக்கும்.

முதற்கூறின் சிறப்பை உணர்ந்து, பெட்டியே இல்லாத ஒரு வகையும் ஏற்படுத்தப்பட்டது. ‘எர்த்கேச்’ எனப்படும் இதன் முதல் இடம், 2004ஆம் ஆண்டு ஜனவரியில் ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் கடற்கரையிலுள்ள வாஸ்ப் ஹெட் என்னும் முனையில் அமைக்கப்பட்டது. அமெரிக்கப் புவியியற் சங்கம் இம்முயற்சியை வளர்த்தது. இங்குக் கண்டெடுக்க வேண்டியது பாறையடுக்கு, படிவம், ஊற்று, அரிப்பு முதலிய புவியியல் உண்மையாகும். சென்றவர் அங்கே நேரில் நோக்கினாலன்றி விடையளிக்க இயலாத வினாக்கள் தரப்படுகின்றன. பாறையடுக்கின் சாய்வு எத்திசையில்? மணல் மணியின் பருமன் மேலிருந்து கீழாக எவ்வாறு மாறுகிறது? இவற்றிற்கு விடை எழுதி அனுப்பிய பின்னரே கண்டெடுப்பாகக் கொள்ளப்படும். எண்ணிக்கையில் ஒன்று கூடுமுன் அறிவில் ஒன்று கூடுகிறது.

பள்ளியிலும் களத்திலும்

ஆசிரியர்கள் இவ்விளையாட்டின் சாரத்தை எளிய முறையில் கையாளலாம். பெட்டிகளைப் பொது இடங்களில் மறைத்து வைத்தல் தகாது. 2011ஆம் ஆண்டு ஜூலையில் இங்கிலாந்தின் வெதர்பி நகரில் இத்தகைய ஒரு பெட்டியை வெடிகுண்டென ஐயுற்று, இராணுவ நிபுணர்கள் வந்து அதனைத் தகர்க்க நேர்ந்தது. ஆகவே பள்ளி வளாகமே போதுமானது, பெட்டியும் வேண்டுவதில்லை.

வளாகத்தில் ஒரு கல்லைத் தேர்ந்து, அதன் மீது கைப்பேசியை வைத்து, வெவ்வேறு நாள்களில் வெவ்வேறு மாணவர்கள் இருபது முறை இடத்தின் எண்களைக் குறிக்கட்டும். அடுத்தடுத்த நிமிடங்களில் எடுக்கும் அளவுகள் ஒரே பிழையைச் சுமந்திருக்கும். ஆதலால் நாள் மாற வேண்டும். அட்சரேகையில் ஒரு கலையின் ஆயிரத்தில் ஒரு பங்கு சுமார் 1.85 மீட்டராகும். தீர்க்கரேகையில் இது இடத்திற்கேற்பக் குறையும். சென்னையில் சுமார் 1.8 மீட்டர், தில்லியில் சுமார் 1.6 மீட்டர். இருபது புள்ளிகளையும் வரைபடத் தாளில் குறித்தால், அவை கல்லைச் சுற்றிச் சிதறியிருப்பதை மாணவர் காண்பர். பின்னர் மரத்தடியில் உள்ள மற்றொரு கல்லுக்கும் அவ்வாறே செய்து, இரு சிதறல்களையும் ஒப்பிடலாம். அளவு என்பது பிழையுடன் கூடியது என்னும் பாடம் இதைவிட எளிதில் புகட்டப்பட இயலாது.

நம் நாட்டின் நில அளவை வரலாறும் இத்தேடலுக்கு இடந்தருகிறது. லாம்ப்டன் என்பவர் 1802ஆம் ஆண்டு ஏப்ரலில் சென்னைப் பரங்கிமலை அருகே அடிக்கோடு அளந்ததுடன் தொடங்கிய பெரும் முக்கோண அளவையின் அடையாளமாக, ஜி.டி.எஸ். என்னும் எழுத்துகள் பொறித்த கற்களைப் பல ஊர்களில் காணலாம். அவற்றைத் தொடாமலும் பெயர்க்காமலும், எங்கே எந்நிலையில் உள்ளன என்று குறித்து வைப்பது நல்ல பயிற்சியாகும். தேடியும் காணாவிடில், எந்த நாளில், எவ்வளவு நேரம், எந்தெந்தப் பக்கங்களில் தேடப்பட்டது என்பதையும் எழுத வேண்டும்.

களப்பணியாளரின் நாட்குறிப்பில் எண்ணிக்கைக்கென ஒரு கட்டம் என்றும் இருக்கும், இருக்கவும் வேண்டும். அதற்கருகே, அன்று நேரில் கண்டது என்ன, தேடியும் காணாதது என்ன என்று இரண்டு வரிகள் எழுதப்படுமாயின், அடுத்த மாதம் அதே வழியில் செல்பவருக்கு அவ்விரு வரிகளே வழிகாட்டும்.